எலெக்ட்ரிக் மலை சைக்கிளின் மோட்டாருக்கு வீட்டிலேயே பேஷ் பிளேட் செய்யலாமா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, செகண்ட் ஹேண்டுல ஒரு எலெக்ட்ரிக் மவுண்டன் சைக்கிள் வாங்கியிருக்கேன். மோட்டார் பெடல் நடுவுல இருக்கு, அலுமினிய ஃபிரேம். அடியில இருந்த பிளாஸ்டிக் மூடி பொத்தையில ஏறும்போது கல்லுல இடிச்சு உடைஞ்சு போச்சு. புதுசு வெளிநாட்டுல இருந்துதான் வரணும்கிறாங்க. இரும்புத் தகட்டுல நானே ஒண்ணு அடிச்சு மாட்டிரலாமா? இல்ல பிளாஸ்டிக்கா? எவ்வளவு கனம் வேணும்? அடியில மூடிட்டா மோட்டார் சூடாகிராதா?"

தாராளமாகச் செய்யலாம், தம்பி. மோட்டாரின் அடியில் கல் படாமல் காக்கிற தட்டைத்தான் பேஷ் பிளேட் என்கிறோம். ஒரு டிரில், ஒரு ஹாக்சா, ஒரு ஹீட் கன், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும். இரும்பு மட்டும் வேண்டாம். அது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது பிடிபட்டால் மீதியை உங்கள் சைக்கிளைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

நான் முதலில் செய்த தட்டு 3 மி.மீ. இரும்பு. பேட்டை பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்து வளைத்து, மோட்டார் உடம்போடு ஒட்டினாற்போல, நடுவில் ஒரு விரல்கூட நுழையாதபடி மாட்டினேன். மோட்டாரை ஃபிரேமில் பிடித்திருக்கும் அதே போல்ட்டுகளிலேயே தட்டையும் முடுக்கினேன். பார்க்க டிராக்டர் மாதிரி உறுதியாக இருந்தது. எங்கள் ஊர்ப் பொத்தையில், அதாவது சின்னப் பாறைக்குன்றில், இறங்கும்போது முன்சக்கரம் ஒரு படிக்கல்லைத் தாண்டியது, அடுத்த நொடி வண்டியின் வயிறு 'டங்' என்று பாறையில் உட்கார்ந்தது. தட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். சந்தோஷமாக வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால், போல்ட் நுழைகிற மோட்டாரின் காதில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். தட்டு தப்பித்துவிட்டது. அடி முழுவதும் அதன் வழியாக மோட்டாருக்குள் போயிருக்கிறது.

இப்போது வருகிற மோட்டார்களில் பலவற்றின் கூடு மக்னீசியக் கலவையில் வார்த்தது. 2019-இல் வந்த போஷ் சிஎக்ஸ், 2020-இல் வந்த ஷிமானோ இபி8 இரண்டுமே அப்படித்தான். மக்னீசியம் அலுமினியத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வார்ப்புக் கூடு சோற்றுப் பானை மாதிரி நசுங்கிக் கொடுக்காது. தாங்குகிற வரை தாங்கும், தாங்காவிட்டால் விரியும். விரிந்த இடத்தில் தண்ணீர் போனால் உள்ளே கன்ட்ரோலர் போர்டு, மிதிக்கிற பலத்தை அளக்கும் டார்க் சென்சார், பேரிங் எல்லாம் இருக்கின்றன. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மழைக்காலம் ஒன்று போன பிறகு ஒருநாள் திரையில் எரர் காட்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். வண்டி 24 கிலோ, நீங்கள் 76 கிலோ, மொத்தம் 100 கிலோ. அத்தனை எடையும் 10 செ.மீ. இறங்கி ஒரே கல்லில் உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆற்றல் சுமார் 98 ஜூல். தட்டும் மோட்டாரும் சேர்ந்து 2 மி.மீ. மட்டும் கொடுத்து நின்றுவிட்டால், சராசரி விசை 49,000 நியூட்டன், ஏறக்குறைய 5 டன் பாரம். அதே அடி 10 மி.மீ. கொடுத்து நின்றால் 1 டன். நிஜத்தில் சக்கரங்களும் உங்கள் முழங்கால்களும் பாதியை வாங்கிக்கொள்ளும், அதனால் இரண்டு எண்ணுமே குறையும். விகிதம் மாறாது. அந்த 8 மி.மீ. வித்தியாசம்தான் மோட்டாரைக் காப்பாற்றும். என் இரும்புத் தட்டில் அது இல்லை.

ஆகவே தட்டு ஃபிரேமில் பிடிக்க வேண்டும், மோட்டாரில் பிடிக்கக் கூடாது. தட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே குறைந்தது 8 முதல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். கல் பட்டால் தட்டு கொஞ்சம் வளைந்து கொடுத்து, வண்டி அதன்மேல் சறுக்கிப் போய்விட வேண்டும். பனங்கருக்கை மேல்பக்கமாகத் தடவினால் கை வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் கிழிக்கும் இல்லையா? தட்டின் வடிவத்தையும் அப்படி நினையுங்கள். எந்தக் கல் வந்தாலும் வழுக்குகிற பக்கம்தான் அதற்குக் கிடைக்க வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு பொருளைப் பார்ப்போம்.

உங்களுக்கு நான் சொல்வது 6 மி.மீ. ஹெச்டிபிஇ ஷீட் (கெட்டியான ஒரு பிளாஸ்டிக் வகை), கறுப்பு நிறம். கறுப்பில் கலந்திருக்கும் கரித்தூள் வெயிலைத் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு அது முக்கியம். பாறையில் இது உரசினால் வழுக்கும், நசுங்கும், திரும்ப எழும். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் என்றால் எடை ஏறக்குறைய 340 கிராம். அதே அளவில் 3 மி.மீ. அலுமினியம் 490 கிராம் வரும், 2 மி.மீ. இரும்பே 940 கிராம் வந்துவிடும். ஷீட் கிடைக்காவிட்டால் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம்மின் பக்கச்சுவரும் ஹெச்டிபிஇதான். பழைய சாமான் கடையில் உடைந்த டிரம் கிடக்கும். கனம் இடத்துக்கு இடம் மாறும், அதனால் 4 மி.மீ.க்குக் குறையாத பகுதியாகப் பார்த்து வெட்டுங்கள். டிரம்மில் முன்னால் என்ன இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள். ஆசிட், பூச்சி மருந்து, தின்னர் வந்த டிரம் என்றால் தொடவே வேண்டாம். சூடாக்கும்போது அந்த ஆவிதான் முதலில் மூக்கில் ஏறும்.

அலுமினியம் கெட்டது என்று சொல்லமாட்டேன். 5052 என்ற ரகம் நன்றாக வளையும். 6061 கடினப்படுத்தியது என்றால் இறுக்கமாக வளைக்கும் இடத்தில் வெடித்துவிடும். கடையில் என்ன ரகம் என்று தெரியாமல்தான் கொடுப்பார்கள். ஒரு ஓரத்துண்டை வைஸில் பிடித்து 90 டிகிரி வளைத்துப் பாருங்கள், வெளிப்பக்கம் கோடு விழுந்தால் அது வேண்டாம். லாரி பாடி கட்டுகிற இடத்தில் கிடைக்கிற செக்கர் பிளேட்டைச் சிலர் போடுகிறார்கள். போட்டால் புடைப்புள்ள பக்கம் உள்ளே இருக்கட்டும். வெளியே இருந்தால் ஒவ்வொரு புடைப்பும் கல்லைப் பிடிக்கும்.

பழைய டயரும், கிரஷரில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டும் நன்றாக உழைக்கிற பொருள்கள்தான். வெளிப்பக்கத்துக்கு ஆகாது. ரப்பர் பாறையைக் கவ்விக்கொள்ளும். வண்டி சறுக்குவதற்குப் பதில் நின்றுவிடும், நீங்கள் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போவீர்கள். உள்பக்கம் மெத்தையாக வைக்கலாம்.

பிவிசி பைப்பை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் நினைப்பீர்கள். வயலுக்குப் பைப் இழுக்கும்போது ஓலையைக் கொளுத்தி, முனையை வாட்டி, வாயை விரித்து இன்னொரு பைப்பைச் செருகுவதைப் பார்த்திருப்பீர்கள். 80 டிகிரி தாண்டினாலே பிவிசி இளகிவிடும், கையால் எந்த வடிவத்துக்கும் கொண்டுவரலாம். அதனால் மாதிரித் தட்டு செய்து பார்க்க அதைவிட நல்ல பொருள் இல்லை. நிரந்தரத் தட்டுக்கு வேண்டாம். வெயிலில் காய்ந்த பிவிசி கூரான கல் பட்டால் சில்லுச் சில்லாக உடையும். வாட்டும்போது பழுப்பாகிக் கருக விடாதீர்கள், கருகினால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும். வெளியே, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று செய்யுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் காரியமாக பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்துவதைவிட, ஒரு மரக்கிளையில் கயிறு போட்டு சீட்டுக்கு அடியில் தொங்கவிட்டால் அடிப்பகுதி முழுவதும் கண் மட்டத்தில் கிடைக்கும்.

உடைந்த மூடியின் துண்டுகளை எறிந்துவிடவில்லையே? அவற்றை டேப் போட்டு ஒட்டினால் திருகு ஓட்டைகளின் இடம் அப்படியே கிடைத்துவிடும். அந்த ஓட்டைகளில் எவை ஃபிரேமில் இருக்கின்றன, எவை மோட்டார் கூட்டில் இருக்கின்றன என்று விளக்கடித்துப் பாருங்கள். ஃபிரேமில் இருப்பவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். மோட்டார் கூட்டின் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிற சின்னத் திருகுகள் சுற்றிவர இருக்கும். அவற்றில் ஒன்றைக்கூடத் தொட வேண்டாம். கழற்றினால் உள்ளிருக்கும் சீல் போய்விடும், வாரண்டி இருந்தால் அதுவும் போய்விடும்.

தினசரி காலண்டர் கிழித்து முடித்த அட்டை வீட்டில் இருக்கும். டெம்பிளேட்டுக்கு அந்தக் கனம்தான் சரி. முதலில் செய்தித்தாளை மோட்டாரின் அடியில் அழுத்தி வடிவம் எடுத்து, பிறகு அட்டையில் வெட்டுங்கள். முன்பக்கம் டவுன் டியூபின் (ஹேண்டில்பார் பக்கமிருந்து மோட்டாருக்கு இறங்குகிற குழாய்) அடியில் 6, 7 செ.மீ. ஏறி ஒட்டிப் படிய வேண்டும். அங்கே வாய் பிளந்திருந்தால் கல் உள்ளே புகுந்து தட்டையே பிய்த்துவிடும். பின்பக்கம் மோட்டாரைத் தாண்டி ஒரு விரல் அகலம் நீண்டு, மேலே லேசாகத் திரும்பியிருக்க வேண்டும். கல்லில் மாட்டி வண்டியைப் பின்னால் இழுக்கும்போது கொக்கி போடாமல் இருப்பதற்கு அந்தத் திருப்பம். பக்கவாட்டில் மோட்டாரின் கீழ் மூன்றில் ஒரு பங்கு மறைந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அட்டையை மாட்டிவிட்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். கிராங்க், செயின்ரிங், செயின் மூன்றும் எங்கும் உரசக் கூடாது. அடுத்து பலர் விட்டுவிடுகிற சோதனை. ஃபோர்க்கிலும் பின் ஷாக்கிலும் இப்போது எவ்வளவு காற்றழுத்தம் இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, காற்றை இறக்கிவிட்டு, வண்டியை முழுக்க அமுக்குங்கள். முன்சக்கரம் பின்னால் வந்து தட்டின் முன்விளிம்பைத் தொடுகிறதா, பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் தட்டின் பின்விளிம்பில் இடிக்கிறதா என்று பாருங்கள். நிற்கிற வண்டியில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். குதித்து இறங்கும்போது சக்கரம் தட்டில் பிடித்தால் அது உங்கள் பல்லோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

ஷீட்டை ஹாக்சாவில் வெட்டலாம். பெரிய பல் பிளேடு போடுங்கள், சின்னப் பல் பிளாஸ்டிக்கை உருக்கி அடைத்துக்கொள்ளும். வளைப்பதுதான் கை பழக வேண்டிய இடம். ஹெச்டிபிஇ 130 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வளையும், அந்தச் சின்ன இடைவெளியைப் பிடிக்க வேண்டும். வளைக்க வேண்டிய கோட்டில் இரண்டு பக்கமும் ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். மங்கலாக இருந்த கறுப்பு, ஈரம் பட்டதுபோல் பளபளக்க ஆரம்பிக்கும். அதுதான் நேரம். நான் அச்சாக வைத்துக்கொள்வது வீட்டில் சும்மா கிடந்த அம்மிக் குழவி. அந்த உருட்டு மோட்டாரின் வளைவுக்கு அப்படியே பொருந்துகிறது, கனமாக இருப்பதால் நகராது. ஆனால் கல் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும், அதனால் மேலே இரண்டு மடிப்பு பழைய வேட்டித் துணி சுற்றிக்கொள்ளுங்கள். தோல் கையுறை போட்டுக்கொண்டு தட்டை அதன்மேல் அமுக்கி, வேண்டிய கோணத்தைவிடப் பத்து டிகிரி அதிகமாக வளைத்துப் பிடியுங்கள், ஆறும்போது கொஞ்சம் திரும்பும். கையை எடுக்காமல், ஈரத்துணியை மேலே போட்டு, பிறகு கயிறு கட்டி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். தொட்டால் குளிர்ந்ததுபோல இருக்கும், நடுவில் சூடு இருக்கும். அவசரப்பட்டு அவிழ்த்தால் நிமிர்ந்துவிடும். முதல் துண்டு வீணாகத்தான் போகும் என்று வைத்துக்கொண்டு ஷீட்டை இரண்டு மடங்கு வாங்குங்கள்.

ஹெச்டிபிஇயில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. எம்-சீல், எபாக்சி எல்லாம் காய்ந்ததும் அப்பளம்போல் பெயர்ந்து வரும். எதைப் பிடிக்க வேண்டுமானாலும் போல்ட்தான். சூட்டில் இந்த பிளாஸ்டிக் நன்றாக நீளும் என்பதையும் மறக்காதீர்கள். 30 செ.மீ. துண்டு, 30 டிகிரி சூடு ஏறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். காலையில் நிழலில் அளந்து இறுக்கினால் மத்தியானம் வெயிலில் புடைத்து நிற்கும். ஆகவே முன் ஓட்டைகளைச் சரியான அளவில் போட்டு, பின் ஓட்டைகளை நீள்வட்டமாக அரத்தால் ராவிவிடுங்கள். அடி விழும்போது தட்டு ஒரு நூல் நகர்ந்து கொடுப்பதற்கும் அது உதவும்.

போல்ட் தலை அடியில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு பயணத்தில் பாறை அதைத் தேய்த்துவிடும், பிறகு ஆலன் கீ உள்ளே நுழையாது, டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முடிந்தவரை போல்ட்டுகளைப் பக்கவாட்டில் வையுங்கள். அடியில்தான் வர வேண்டும் என்றால் 6 மி.மீ. கனத்துக்குள் தலை முழுகும்படி குழித்துவிடுங்கள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அகலமான வாஷர் வேண்டும், இல்லாவிட்டால் தலை பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பழைய திருகைவிட நீளமான போல்ட் போடுகிறீர்கள் என்றால், அது ஃபிரேமுக்குள் எவ்வளவு போகிறது, அங்கே வயர் ஓடுகிறதா என்று ஒரு ஈர்க்குச்சியை விட்டு ஆழம் பாருங்கள். ஃபிரேமில் புது ஓட்டை போடாதீர்கள். ஓட்டை கிடைக்காத இடத்தில், ஹோஸ் கிளிப்புக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டை வைத்து டவுன் டியூபோடு சேர்த்து முடுக்கலாம். உங்களுடையது அலுமினிய ஃபிரேம், தாங்கும். கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது, கிளிப்பின் இறுக்கத்திலேயே குழாய் நசுங்கும்.

உவரி பக்கம் கடற்கரையில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. அலுமினியத்திலும் மக்னீசியத்திலும் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரடியாக உட்கார்ந்து, உப்புக்காற்றும் சேர்ந்தால், போல்ட் பளபளவென்று இருக்கும், சுற்றியிருக்கும் உலோகம் வெள்ளை மாவாக உதிரும். நைலான் வாஷரும் மரையில் கொஞ்சம் கிரீஸும் போட்டால் அது வெகுவாகக் குறையும்.

இப்போது இடைவெளியை எப்படி அளப்பது? மாட்டிய பிறகு உள்ளே ஸ்கேல் நுழையாது. நான் செய்வது இது. சப்பாத்திக்குப் பிசைந்த மாவைக் கோலிக்குண்டைவிடப் பெரிதாக ஆறேழு உருண்டைகள் உருட்டி, மேலே எண்ணெய் தடவி, தட்டின் உள்பக்கம் முன்னால், நடுவில், பின்னால், இரண்டு ஓரத்திலும் வைத்து தட்டை மாட்டுங்கள். கழற்றிப் பார்த்தால் மோட்டார் பட்ட உயரத்துக்கு ஒவ்வொரு உருண்டையும் தட்டையாகியிருக்கும். ஊசியால் குத்தி ஆழம் பாருங்கள். 8 மி.மீ.க்குக் குறைவான இடம் எது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் போல்ட்டுக்கு அடியில் ஸ்பேசர் கொடுத்துத் தட்டை இறக்குங்கள். பிறகு புது உருண்டைகள் வைத்து மாட்டி, ஒரு திண்டில் தட்டு உட்காரும்படி வண்டியை நிறுத்தி, நீங்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு தடவை அமுக்குங்கள். இப்போது கழற்றினால் பாரம் ஏறும்போது தட்டு எவ்வளவு மேலே வருகிறது என்பது மாவில் அச்சாக இருக்கும். அந்த நிலையிலும் 3 மி.மீ. மிச்சம் இருந்தால் எனக்குத் திருப்தி. அதற்கும் குறைந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குச் செருப்பு அடிப்பாகத்து ரப்பரை இரண்டு சின்ன போல்ட்டில் பிடித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் தட்டு மோட்டாரைத் தொட்டாலும், கூர்மையாகக் குத்தாமல் பரவலாகத் தொடும்.

இடைவெளி முழுவதையும் ரப்பரோ ஃபோமோ போட்டு அடைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். நீங்கள் கேட்ட சூடு விஷயம் இங்கேதான் வருகிறது.

மோட்டார் தன் சூட்டைக் கூட்டின் வழியாகக் காற்றுக்கும், போல்ட்டுகள் வழியாக ஃபிரேமுக்கும் கொடுக்கிறது. ஹெச்டிபிஇ சூட்டைக் கடத்தாது, அலுமினியம் அதைவிடச் சில நூறு மடங்கு கடத்தும். அதனால் அலுமினியத் தட்டு போட்டால் மோட்டார் குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். நடுவில் காற்று இடைவெளி இருக்கும்போது தட்டு எதனால் ஆனது என்பதற்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை. மோட்டாரின் பக்கங்கள் திறந்திருக்கின்றனவா, இடைவெளியில் காற்று ஓடுகிறதா என்பதுதான் கணக்கு. பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடாதீர்கள் என்றது அதற்காகத்தான். ஃபோம் அடைத்தால் மோட்டாருக்குக் கம்பளி போர்த்திய மாதிரி, அதுவும் ஈரக் கம்பளி.

தட்டே இல்லாத மோட்டாரும் சூடாகும். சூடு ஒரு அளவைத் தாண்டினால் மோட்டார் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. சித்திரை மத்தியானத்தில், பெரிய கியரில், பெடலை மெதுவாக மிதித்துக்கொண்டு, பூஸ்ட்டில் (மோட்டார் முழு உதவி தருகிற நிலை) ஏற்றம் ஏறினால் கரண்டில் நிறைய சூடாகத்தான் மாறும். கியரை இறக்கி, காலை வேகமாகச் சுற்றுங்கள். தட்டு மாட்டுவதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரே ஏற்றத்தை ஒரே வெயில் நேரத்தில் ஏறிப் பாருங்கள். முன்பு குறையாத இடத்தில் இப்போது சக்தி குறைந்தால், பக்கங்களை இன்னும் கொஞ்சம் வெட்டித் திறந்துவிடுங்கள்.

சேறு இதைவிடப் பெரிய பிரச்சினை. ஒரு தடவை சங்கரன்கோவில் பக்கம், மழை பெய்த மறுநாள் கரிசல் பாதையில் போனேன். அப்போது நான் வைத்திருந்த தட்டில் ஓட்டையே கிடையாது. கரிசல் ஈரத்தில் எப்படி ஒட்டும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு கிலோமீட்டரில் தட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவில் மண் இடித்து நிரப்பியதுபோல் ஆகிவிட்டது. வெயில் ஏறியதும் அது செங்கலாகக் காய்ந்தது. நான் பாடுபட்டு வைத்த இடைவெளி அன்றைக்கு இல்லை. காற்றும் ஓடவில்லை, ஒரு கல் பட்டிருந்தால் அடியும் நேராக மோட்டாருக்குத்தான் போயிருக்கும். அன்று மாலை தட்டின் மிகத் தாழ்ந்த இடங்களில் 12 மி.மீ. அளவில் ஆறு ஓட்டைகள் போட்டேன், பின்விளிம்பில் மண் வெளியே தள்ளப்படுவதற்கு இரண்டு விரல் அகல வாய் ஒன்றும் வெட்டினேன். ஓட்டையின் வெளி விளிம்பைக் கத்தியால் சரிவாகச் சீவிவிடுங்கள், கல் அதில் மாட்டக் கூடாது. நாலு போல்ட்டில் கழன்று வருகிற தட்டாக இருந்தால், சேற்றுப் பயணத்துக்குப் பிறகு கழற்றிக் கழுவச் சலிப்பு வராது.

தேரி மணலுக்கு வேறு குணம். ஒட்டாது, ஆனால் அந்தச் சிவப்புப் பொடி எல்லா இடுக்கிலும் போய் உப்புத்தாள்போல் தேய்க்கும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் தண்ணீரை மோட்டார் பக்கம் காட்டவே காட்டாதீர்கள். உங்கள் மோட்டாரின் புத்தகத்தில் ஐபி என்று போட்டு ஒரு எண் இருக்கும். அதன் கடைசி இலக்கம் 4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்று அர்த்தம், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. 7 என்றால்தான் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். தாமிரபரணியில் கரைக்குக் கரை கடக்க ஆசை வரும். மலை சைக்கிளில் பெடல் அச்சே தரையிலிருந்து 35 செ.மீ. உயரம்தான், மோட்டாரின் அடிப்பகுதி அதற்கும் கீழே. முழங்கால் தண்ணீர் என்றால் மோட்டார் முழுகிவிட்டது. இறங்கித் தூக்கிக்கொண்டு போங்கள். தட்டு தண்ணீரைத் தடுக்காது, தடுக்கும் என்று சிலிகான் பூசி இடுக்குகளை அடைத்தால் உள்ளே போனது வெளியே வராது.

சாதாரண சைக்கிளில் கிட் மோட்டார் போட்டிருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். பாஃபாங் பிபிஎஸ்02 மாதிரி கிட்டில் மோட்டார் பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு நுழைகிற குழாய்) அடியில் முன்னால் துருத்திக்கொண்டு தொங்கும். ஒவ்வொரு அடிக்கும் அச்சைச் சுற்றி மேலே திரும்பப் பார்க்கும், மோட்டாரை இறுக்கிப் பிடித்திருக்கிற லாக் ரிங் தளரும். உங்களுக்குத் தட்டு மட்டும் போதாது. மோட்டாரை டவுன் டியூபோடு சேர்த்துத் தாங்குகிற ஒரு நல்ல பிராக்கெட்டும், வாரத்துக்கு ஒருமுறை லாக் ரிங்கைச் சரிபார்க்கிற பழக்கமும் வேண்டும். தட்டு முன்னால் டவுன் டியூபில் ஆரம்பித்து மோட்டாரின் வயிற்றைத் தாண்டி வர வேண்டியிருப்பதால் நீளம் அதிகம். அங்கே நான் 2 மி.மீ. அலுமினியத்தை உள்ளேயும் 4 மி.மீ. ஹெச்டிபிஇயை வெளியேயும் வைப்பேன்.

எங்கே ஓட்டுவது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கல்லிடைக்குறிச்சி என்று சொன்னதால். மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், கை துறுதுறுக்கும். களக்காடு முண்டந்துறை 1988-லிருந்து புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே சக்கரம் இறக்கக் கூடாது. குளத்துக்கரைகளும், கால்வாய்க்கரைப் பாதைகளும், ஊர்ப் பொத்தைகளும், பனைவிளைகளுக்கு நடுவே போகிற சரள் தடங்களும் நமக்கு ஏராளம். தட்டைச் சோதிக்கச் சரளும் சின்னப் பாறைகளும் கலந்த ஒரு பொத்தைச் சரிவு போதும்.

முதல் பயணத்தை நடை வேகத்தில் போங்கள். வேண்டுமென்றே ஒரு வழுவழுப்பான பாறையில் முன்சக்கரத்தை ஏற்றி, வயிற்றை மெதுவாக இறக்கி, சறுக்கிப் போகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் தட்டைக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பிடித்து, விழுந்த தடங்களைப் பாருங்கள். முன்னாலிருந்து பின்னால் நீளமாகக் கோடுகள் இருந்தால் தட்டு நன்றாக வேலை செய்கிறது. ஓரிடத்தில் மட்டும் குழியும், குழியின் பின்பக்கம் பிளாஸ்டிக் சுருண்டு எழும்பியும் இருந்தால், அங்கே சரிவு போதவில்லை, கல் முட்டி நின்றிருக்கிறது. அந்த இடத்தை மறுபடி சூடாக்கி, முன்பக்கத்தை இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்கள். கோடுகள் ஒரு பக்கமாகவே விழுந்திருந்தால் தட்டு கோணலாக மாட்டியிருக்கிறது, அல்லது அந்தப் பக்கத்து போல்ட் தளர்ந்திருக்கிறது. தேய்ந்து தேய்ந்து 6 மி.மீ. 3-ஆக ஆகும்போது மாற்றிவிடுங்கள். காலண்டர் அட்டை டெம்பிளேட்டை அதற்காகப் பத்திரமாக எடுத்து வையுங்கள், அதில் ஓட்டைகளின் அளவையும் ஸ்பேசர் கனத்தையும் பேனாவால் எழுதிவைத்தால் அடுத்த தட்டு ஒன்றரை மணி நேர வேலைதான்.